தகரக் கூரையின் கீழ் ஏர்கூலர்: ஒரு மறுவாசிப்பு

ஆய்வெல்லை: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மொட்டை மாடியில் ஷீட் போட்டு வாடகைக்கு விடப்படும் ஒற்றை அறைகள். காலம்: கத்திரி வெயிலும் அதன் முன்பின் மாதங்களும். கருதுகோள்: உள்ளே புழுங்குகிறது.

கூரை மூவகைப்படும். தகரம். ஆஸ்பெஸ்டாஸ். 'கூலிங் ஷீட்'. மூன்றாவதன் குளிர்ச்சி வாடகையில் மட்டும் தெரியும்.

குளிரூட்டும் முறைகளில் வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர் தெளிக்க ஆளில்லை. கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திருப்பியடிக்கப்படும். அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். கடற்காற்று மெரினாவில் கரையேறி ஆவடி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

எஞ்சியது ஏர்கூலர். தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் என்பதே இதன் அடிப்படை. ராஜஸ்தானத்து வறண்ட காற்றில் பிரமாதமாக வேலை செய்யும். நம்மூர்க் காற்றோ ஏற்கெனவே நனைந்த துணி. 35 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும் மாலையில், எவ்வளவு உயர்ந்த கூலரானாலும் ஏறத்தாழ 30 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாது. அந்த 30-ம் ஈரத்தோடுதான் வரும். சன்னலைச் சாத்திக்கொண்டு ஓட்டினால் அதுவும் கிடைக்காது: உப்பு நீர்விடும், தீக்குச்சி உரசினால் பற்றாது, வேர்வை போகுமிடம் தெரியாமல் முதுகிலேயே தங்கும்.

இங்கேதான் ஐஸ் மரபினர் நுழைகிறார்கள். "தம்பி, தொட்டியில ரெண்டு கட்டி போடு, ஊட்டி மாதிரி இருக்கும்" (பக்கத்து அறைவாசி, வாய்மொழி, தண்ணீர் டேங்க் ஓரம்). மறுப்பு: "ஒண்ணும் தெரியல தம்பி" (மேற்படியார், அதே இடம், ஐஸ் கரைந்த பின்). இருதரப்பையும் சமன்செய்யும் மூன்றாம் கருத்து: "கரண்ட் பில்லை யாரு கட்றது?" (வீட்டுக்காரர், மூன்றாம் படிக்கட்டு உரை, லுங்கிப் பதிப்பு, திருத்தமும் விரிவாக்கமும் அவர் மனைவி, கீழ்த்தளத்திலிருந்து). ஆய்வாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு கிலோ ஐஸ் உருகி விழுங்கும் வெப்பத்தைப் போல ஏழு மடங்கை ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி விழுங்கும். அதாவது, தண்ணீரே தோற்ற இடத்தில் ஐஸ் எம்மாத்திரம்? சங்க காலத்திலேயே ஏர்கூலர் இருந்ததென நிறுவக் காத்திருக்கும் அறிஞர்கள் இந்த வாய்பாட்டைத் தாராளமாக எடுத்தாளலாம்.

ஈரத்தை இறக்காமல் சூட்டை மட்டும் இறக்கிப் பயனில்லை என்பதை 1902-லேயே வில்லிஸ் கேரியர் புரிந்துகொண்டார். நவீன ஏசியின் தொடக்கமாகச் சொல்லப்படும் அவரது இயந்திரம் மனிதருக்காகச் செய்ததல்ல. புருக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரம்பட்டுத் தாள் விரிந்து வண்ணம் விலகியதால் செய்தது. தாளுக்குக் கிடைத்த அந்த மரியாதை இன்றும் தொடர்கிறது. யாரும் பிரிக்காத ஆய்வேடுகள் ஏசி அறையில் இருக்கின்றன; அவற்றை எழுதியவர் தகரத்தின் கீழ் இருக்கிறார்.

முடிவு: கூலரில் தண்ணீரை வடித்துவிட்டு வெறும் ஃபேனாக ஓட்டுக. போதாதெனில் பாயோடு வெளியே வருக. அங்கே கொசு உண்டு. அது குறித்த கட்டுரை, ஆய்விதழுக்குப் பணம் கட்டிய மறுநாள் வெளிவரும்.