முரண்டு பூட்டு: ஆர்.வி. வண்டியின் பக்கப்பெட்டிகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

முரண்டு பூட்டு என்பது, சரியான சாவியைச் சரியான துவாரத்தில் நுழைத்த பின்னும் திரும்ப மறுக்கும் பூட்டு. தவறான சாவிக்குத் திரும்பாத பூட்டு இந்த வரையறைக்குள் வராது. அது தன் கடமையைச் செய்கிறது. உடைந்த பூட்டும் வராது. உடைந்த பூட்டு பெரும்பாலும் எளிதில் திறந்துகொள்ளும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இனமே இங்கே ஆராயப்படுகிறது. அது செழித்து வளருமிடம் அமெரிக்காவின் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டி.

ஆர்.வி.யின் உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை என்று ஒரு குடித்தனம் நடக்கிறது. அந்தக் குடித்தனத்தின் காலடியில், வண்டியின் இரு பக்கமும், வெளியிலிருந்து திறக்கும் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. தண்ணீர்க் குழாய், மின்சாரம் இழுக்கும் தடித்த கம்பி, மடக்கு நாற்காலி, சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டைகள், எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கழிவுநீர்க் குழாய் ஆகியவை இவற்றில் அடக்கம். முகாமுக்கு வந்து நின்ற வண்டி வீடாக மாற வேண்டுமானால் முதலில் இந்தப் பெட்டிகள் திறந்தாக வேண்டும். வண்டிகள் வந்து சேர்வது பெரும்பாலும் இருட்டுகிற நேரத்தில். மழை வருவதும் அப்போதுதான். இத்துறையின் அறிவு முழுவதும் ஒரு கையில் டார்ச் விளக்கோடு தேடப்படுவதால், இதில் நிதானமான சிந்தனை வளரவில்லை.

இந்தப் பூட்டின் குலப்பெயர் கேம் பூட்டு. அலுவலக மேசையின் இழுப்பறையிலும் அடுக்குமாடி வீட்டுத் தபால் பெட்டியிலும் இருப்பது இதன் பங்காளிதான். வெளியே ஒரு கூடு. அதனுள் திரும்பும் உருளை. உருளையின் பின்முனையில் திருகாணியால் முடுக்கிய ஒரு தகடு. இந்தத் தகட்டை நாக்கு என்பது பொருத்தம். சாவியைக் கால் வட்டம் திருப்பினால் நாக்கு சட்டத்தின் பின்னே போய் மாட்டிக்கொள்ளும். உருளைக்குள் நாலைந்து மெல்லிய தகடுகள் உண்டு. ஒவ்வொன்றையும் மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். சாவி இல்லாத வேளையில் இத்தகடுகள் உருளைக்கு வெளியே தலைநீட்டிக் கூட்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால் உருளை அசையாது. சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதனதன் அளவுக்கு உள்ளே இழுத்து அடக்கியதும் வழி பிறக்கும். ஐந்தில் நான்கு தகடுகள் சம்மதித்து ஒன்று முறைத்துக்கொண்டாலும் பூட்டு திறக்காது. பெரும்பான்மை இங்கே செல்லாது. கூட்டுக் குடும்பத்துக் கல்யாணப் பேச்சுக்கும் இதற்கும் இவ்வளவில் ஒற்றுமை உண்டு.

கூடு பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. 1929-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி உருவாக்கிய ஜமாக் என்ற கலவைக் குடும்பம் இவ்வகை வார்ப்புகளுக்குப் பேர்போனது; துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களைச் சேர்த்துச் செய்த பெயர் அது. கூட்டின் மேல் குரோம் பூச்சு, உள்ளே பித்தளைத் தகடு, எஃகு ஸ்பிரிங். நான்கு உலோகங்களை ஓர் அங்குல இடத்தில் குடிவைத்து, சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்கும் உயரத்தில் பொருத்தினால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூட வேதியியலே சொல்லிவிடும். மிச்சிகன், மின்னசோட்டா போன்ற வட மாநிலங்களில் பனி உருகச் சாலையில் உப்பு தூவுகிறார்கள். புளோரிடாக் கடற்கரையில் காற்றே உப்பைச் சுமந்து வருகிறது. உப்பு நீர் பட்ட துத்தநாகம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும்; பித்தளை பச்சைக் களிம்பு கட்டும்; ஸ்பிரிங் துருப்பிடிக்கும். அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிக்க ஆயிரக்கணக்கில் கூடும் வண்டிகளுக்கு உப்புக் கவலை இல்லை. அங்கே மாவு போன்ற புழுதி சாவித் துவாரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

நோய் இருக்குமிடத்தை அறிவதே இத்துறையின் கடினமான பகுதி. கைதேர்ந்தவர் முதலில் பூட்டைத் தொடுவதில்லை, கதவைத் தொடுகிறார். இடது உள்ளங்கையால் கதவைப் பூட்டுக்குப் பக்கத்தில் அழுத்திக்கொண்டு வலது கையால் சாவியைத் திருப்ப வேண்டும். திரும்பினால் பூட்டு நிரபராதி. கதவின் விளிம்பு ரப்பர் தடித்தோ, கீல் தொய்ந்தோ, நாக்கு சட்டத்தோடு உராய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கதவு திறந்து நிற்கும்போது சாவியைத் திருப்பிப் பார்ப்பது இதைவிடத் திட்டமான சோதனை: அப்போதும் இறுக்கமாக இருந்தால் குற்றம் பூட்டினுடையது, வழுக்கிக்கொண்டு திரும்பினால் கதவினுடையது. இந்தச் சோதனைக்கு ஒரே குறை, திறக்காத கதவைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டியிருப்பது. எனவே பூட்டு நன்றாக இருக்கும் நாட்களிலேயே இதைச் செய்து வைப்பது உத்தமம். பூட்டு நன்றாக இருக்கும் நாளில் இதை யாரும் செய்வதில்லை.

கதவு சார்ந்த முரண்டில் நுட்பமான வகை ஒன்று தனியே குறிப்பிடத் தக்கது. மேடு பள்ளமான இடத்தில் நிறுத்திய நீள வண்டியின் உடல் சற்றே முறுக்கிக்கொள்ளும். அப்போது கதவுச் சட்டம் கோணிப்போய், நேற்றுவரை திறந்த பூட்டு இன்று திறக்காது. இதற்கு மருந்தோ கருவியோ வேண்டாம். சக்கரத்தின் கீழ் கட்டைகளை வைத்து வண்டியைச் சமப்படுத்தினால் போதும். கட்டைகள் பெட்டிக்குள் இருக்கின்றன.

ரப்பர் தடித்துக் கதவைத் தள்ளுகிறது என்றால் நாக்கின் திருகாணியைக் கழற்றி, நாக்கை அரை மில்லிமீட்டர் உள்நோக்கி வளைத்து மாட்டலாம்; அல்லது வளைவு வேறான நாக்கு ஒன்றை வாங்கலாம். ரப்பருக்குச் சிலிக்கோன் ஸ்பிரே நல்லது. வாசலின் போன்ற பெட்ரோலிய வழிச் சரக்குகள் ரப்பரை உப்பவைப்பதால், எந்த நோய்க்குக் கொடுத்தோமோ அந்த நோயையே வளர்க்கும்.

குற்றம் பூட்டினுடையதுதான் என்று உறுதியானால் மருந்து பற்றிய கேள்வி எழுகிறது. இங்கே மூன்று சமயங்கள் உள. அவற்றுக்குள் நடக்கும் வாதம் சைவ வைணவ வாதங்களுக்கு இளைத்ததல்ல.

முதலாவது எண்ணெய்ச் சமயம். இதன் மூலத் திருமேனி நீலமும் மஞ்சளுமான டபிள்யூ.டி.40 டப்பா. 1953-ல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம், ஏவுகணைகளின் மேல்தோல் துருப்பிடிக்காமல் காக்க நீரை விரட்டும் கலவை ஒன்றைத் தேடியது. நாற்பதாவது முயற்சி பலித்தது. பெயரில் உள்ள 40 அதுதான். அட்லஸ் ஏவுகணையில் பூசிய சரக்கு கழிவுநீர்க் குழாய்ப் பெட்டியின் பூட்டுவரை இறங்கி வந்தது ஜனநாயகத்தின் வெற்றி. ஆனால் அதன் இயல்பு நீரை விரட்டுவதும் அழுக்கை இளக்குவதும்தான். கரைப்பான் ஆவியாகிப் போனபின் மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம்; அதில் வழியெல்லாம் புழுதி ஒட்டும். அடித்த அன்று பூட்டு பட்டாகத் திரும்பும். அடியார்கள் அந்த ஒரு நாளையே சாட்சியாகக் காட்டுவார்கள். இச்சமயத்தின் உட்கிளை ஒன்று அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் இருக்கக்கூடும்: தேங்காய் எண்ணெய்க் கிளை. ஊரில் கொல்லைக் கதவின் தொங்குபூட்டுக்குச் சரிப்பட்ட வைத்தியம் மிச்சிகனில் சரிப்படாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். அங்கே அக்டோபரிலேயே பூட்டுக்குள் மெழுகு வார்த்த கதையாகிவிடும்.

இரண்டாவது கரிச் சமயம். கிராஃபைட் பொடியைத் துவாரத்தில் ஊதுவது இதன் சடங்கு. ஊதுகுழல் கிடைக்காத ஏழைகள் பென்சில் முனையைச் சாவியில் தேய்ப்பார்கள். பழைய பூட்டுக்காரர்களின் மரபு இது. உலர்ந்த இடத்தில் இன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் கிராஃபைட் மின்சாரம் கடத்தும். ஈரத்தோடு கூட்டுச் சேர்ந்தால் துத்தநாகத்தை அரிக்கத் துணைபோகும். எனவே வீட்டுக்குள் இருக்கும் மேசைக்குப் பொருந்தும் இம்மரபு, மழையில் நிற்கும் வண்டிக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

மூன்றாவது வறட்சிச் சமயம். ஈரமாக உள்ளே போய், உலர்ந்து, வழுவழுப்பை மட்டும் விட்டுச்செல்லும் டெஃப்லான் ஸ்பிரே இதன் தெய்வம். 1938-ல் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் குளிர்சாதனத்துக்கான வாயுக்களை ஆராய்ந்தபோது தற்செயலாக அகப்பட்டது இப்பொருள். பிற்பாடு தோசைக்கல்லுக்கு வந்து தமிழர்க்கும் உறவாயிற்று. புழுதி ஒட்டாது, ஈரத்துக்கு அஞ்சாது, ஆகையால் ஆர்.வி. பூட்டுக்கு இதுவே உகந்தது என்பது இவ்வாராய்ச்சியின் துணிபு.

எதைக் கைக்கொண்டாலும் முதலில் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் அடித்த மருந்து அழுக்கைக் குழம்பாக்கும். மின்பொருள்களைத் துடைக்கும் கிளீனரையோ, வேறு வழியில்லாவிட்டால் மேற்படி நீல டப்பாவையோ துவாரத்தில் பீய்ச்சி, சாவியை நுழைத்து எடுத்து, ஒவ்வொரு தடவையும் துணியில் துடைக்க வேண்டும். சாவி கறுப்பாக வந்துகொண்டிருக்கும்வரை வேலை முடியவில்லை. சுத்தமாக வந்த பின் உலரவிட்டு வறள் மருந்தை அடித்து, இருபது தடவை நுழைத்து எடுத்துத் திருப்பினால் தகடுகள் தங்கள் ஊழியத்தை நினைவுகூரும். சமயங்களைக் கலக்கக் கூடாது: எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட் ஊதினால் கிடைப்பது கண்மை. சமரச சன்மார்க்கம் பூட்டுக்கு ஆகாது.

பூட்டையும் கதவையும் விடுவித்தபின் மிஞ்சுவது சாவி. சாவியின் பல்லும் தேயும். தேய்ந்த சாவியைக் கடையில் கொடுத்து நகலெடுத்தால் தேய்மானமும் நகலாகிறது; நகலின் நகல் இன்னும் ஒரு படி விலகும். ஏடு பெயர்த்து எழுதுவோர் விட்ட பிழைகள் வழிவழியாகப் பெருகியதை அறிந்த தமிழ்ப் பதிப்பாசிரியர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மூலபாடத்துக்குத் திரும்புவதே வழி: பூட்டிலோ சாவியிலோ பொறித்த எண்ணைச் சொல்லி, அந்த எண்ணின் அளவுப்படி புதிதாக வெட்டிய சாவியை வாங்க வேண்டும்.

பனிக்கட்டி அடைத்த பூட்டு ஒரு கிளைநோய். வெந்நீர் ஊற்றுவோர் ஒரு நிமிஷம் வெல்கிறார்கள். ஊற்றிய நீர் உள்ளே புகுந்து மறுபடி உறைந்துவிடும். சாவியைக் கையுறையில் பொத்திச் சூடேற்றி நுழைப்பதும், ஆல்கஹால் கலந்த பனிநீக்கியை விடுவதும் தக்க முறைகள்.

குறடு கொண்டு சாவியைத் திருப்புவது பற்றி ஒரு வாக்கியம் போதும்: சாவி அதன் ஆழமான வெட்டில் முறியும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் பூட்டின் முகத்தை மெல்லத் தட்டுவது வேறு. ஒட்டிக்கொண்ட தகடு சிலவேளை அந்த அதிர்வில் விடுபடும். எதுவும் பலிக்காவிட்டால் துளையிட்டுப் பூட்டைப் பெயர்த்தெடுத்துப் புதிது மாட்டலாம். கூட்டின் நீளத்தை அளந்து வாங்க வேண்டும். 5/8, 7/8, 1 1/8 அங்குலம் என்பவை வழக்கமான அளவுகள். வேலை கால் மணி நேரம், செலவு சில டாலர். இவ்வளவு எளிய தீர்வு இருக்க மேற்கண்ட ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர் ஆராய்ச்சியின் இயல்பை அறியாதவர்.

இனி, புதுப் பூட்டோடு வரும் சாவி. தமிழில் இதன் பழைய பெயர் திறவுகோல். பூட்டவும் இதுவே உதவினாலும் பூட்டுகோல் என்று எவரும் சொன்னதில்லை. போர்த்துக்கீசியர் வழி வந்த சாவி என்ற சொல்லுக்கு இந்தச் சார்பு இல்லை. ஆர்.வி.யைப் பொறுத்தவரை பழைய பெயரே துல்லியமானது. ஏனெனில் நெடுங்காலமாக அமெரிக்க ஆர்.வி.களில் பெருவாரியானவற்றின் பக்கப்பெட்டிகளுக்கு ஒரே சாவி: சி.ஹெச்.751. இந்தியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில், வண்டிகள் திரளாக உருவாகும் தொழிற்சாலைகளில், கதவுக்கொரு சாவி என்று கணக்கு வைத்துக்கொள்வதைவிட எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி என்பது மலிவாகவும் வசதியாகவும் இருந்தது. அந்தச் சாவி எவருக்கும் சில டாலருக்குக் கடையில் கிடைக்கும்.

பூட்டின் வரலாற்றில் இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி உண்டு. லண்டனில் பிராமா நிறுவனம் தன் கடைக் கண்ணாடிக்குள் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று சவால் விட்டிருந்தது. 1851-ல் அந்நகரில் நடந்த பெருங்கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில் அதைத் திறந்தார். அதே அமெரிக்காவில் இன்று ஆர்.வி. பெட்டியைத் திறக்க, பக்கத்து வண்டிக்காரரிடம் சாவி இரவல் கேட்டால் போதும்.

இதிலிருந்து ஒரு கோட்பாடு பிறக்கிறது. சாவி எல்லாரிடமும் இருக்கும் இடத்தில் பெட்டியைக் காப்பது பூட்டு அல்ல, முரண்டு. துருவும் களிம்பும் புழுதியும் சேர்ந்து செய்த காவலை உரிமையாளர் ஒருவரே, எந்த இடத்தில் அழுத்தி எந்தப் பக்கம் சாய்த்துத் திருப்ப வேண்டும் என்ற இரகசியத்தால் கடக்கிறார். வேறு எண் சாவி கொண்ட பூட்டு வாங்கி மாட்டுவோருக்கு இக்கோட்பாடு பொருந்தாது. மற்றவர்கள் மேலே சொன்ன முறைப்படி கழுவி, உலர்த்தி, மருந்திட்ட பூட்டு, சாவியை நுழைத்ததும் விரல் நுனியில் கால் வட்டம் திரும்பிக் கொடுக்கும். பக்கத்து வண்டிக்காரரின் சாவிக்கும் அதே கால் வட்டம்தான்.