அஞ்சு மணிக்குக் கிளம்புதல்: பர்வதமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

பாறை மலை ஒன்றில் காலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடத் திட்டம் போடும் நகரத் தமிழரின் நடத்தை போதிய ஆய்வுக்கு உட்படவில்லை. மலைகளுக்குத் தலபுராணம் உண்டு, மூலிகைகளுக்கு நிகண்டு உண்டு. “அஞ்சு மணிக்கு எல்லாரும் ரெடியா இருக்கணும்” என்ற வாக்கியத்துக்கு மட்டும் உரையாசிரியர் எவரும் வாய்க்கவில்லை. அக்குறையைத் தீர்க்க வந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் இருக்கிறார்கள். தென்மாதிமங்கலம் வழியாகவும் ஏறலாம், கடலாடி வழியாகவும் ஏறலாம். எந்த வழி என்று வாட்ஸாப் குழுவில் நடக்கும் வாதம் நாள்கணக்கில் நீளும். கடைசியில் கார் ஓட்டுபவர் எந்தப் பக்கம் திருப்புகிறாரோ அதுவே வழி. ஆகவே இதை மேலும் ஆராயத் தேவையில்லை.

முன்னாய்வு என்று பார்த்தால் மலைபடுகடாத்தைத்தான் சொல்ல வேண்டும். செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தருக்கு 583 அடிகளில் பெருங்கௌசிகனார் வழி சொல்லும் நூல் அது. பத்துப்பாட்டின் பகுதியாக உ.வே.சாமிநாதையர் 1889இல் அதை அச்சேற்றினார். அதில் வரும் நவிரமலை இந்தப் பர்வதமலைதான் என்பது அறிஞர் பலர் கருத்து. புலவர் மலைவழியின் ஆபத்துகளை ஒவ்வொன்றாக எச்சரிக்கிறார். பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்தபின் போங்கள் என்கிறார். தினைப்புனம் காப்பவர் விடும் கவண்கல் பறந்து வரும், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள் என்கிறார். இவ்வளவு சொன்னவர், கூத்தர் குழு சொன்ன நேரத்துக்குக் கிளம்பியதா என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. யாழைத் தேடி யாராவது திரும்ப வீட்டுக்குள் போனார்களா? “இதோ வந்துட்டேன்” என்று சொன்ன விறலிக்காக மற்றவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள்? சங்க இலக்கியத்தில் இது பெரிய இடைவெளி என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

மேலை நாட்டு ஆய்வும் உதவவில்லை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்கு வகுத்தார்: நடை 3 மைலுக்கு ஒரு மணி, ஏற்றம் 2,000 அடிக்கு இன்னொரு மணி. மலையேறுபவர்கள் இன்றும் இதை நம்பித்தான் திட்டம் போடுகிறார்கள். கணக்கில் தவறில்லை. ஆனால் அது முதல் அடி எடுத்து வைத்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. தாம்பரத்தில் ஒருவர் ஏற வேண்டும், அவர் இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறார் என்ற நிலைக்கு நெய்ஸ்மித்திடம் வாய்பாடு கிடையாது. திண்டிவனத்தில் டீ. செஞ்சியில் டிபன், அதில் ஒருவருக்கு மட்டும் ரவா தோசை. கல்லில் ரவா தோசை வேகும் நேரத்தைச் சேர்க்காத எந்தக் கணக்கும் தமிழ்நாட்டு மலைக்கு உதவாது என்பது என் துணிபு.

விளைவு என்ன? பாறையில் வெயில் ஏறிய பிறகுதான் குழு அடிவாரத்துக்கு வருகிறது.

மூட்டை விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. இந்த இயற்பியல் உண்மையை ஏற்கெனவே அறிந்தவர் வெறுங்கையோடு வருவார். அறியாதவர் ஐந்து பாட்டில் சுமப்பார். “மச்சான், ஒரு வாய் குடு” என்ற சொற்றொடர் வழியாக முதலாமவருக்கு இரண்டாமவரின் தண்ணீர் சீராகப் போய்ச் சேர்கிறது. பாதி மலைக்குள் பாட்டில்கள் காலி, நட்பும் ஏறக்குறைய அப்படித்தான். உச்சியில் சாமிக்கு நாமே அபிஷேகம் செய்யலாம் என்பதால் பால் பாக்கெட்டும் வந்திருக்கும். அதைத் திரியாமல் மேலே சேர்ப்பது தனி வித்தை. புளியோதரையைப் பற்றிக் கவலை வேண்டாம், குரங்குகள் பார்த்துக்கொள்ளும்.

இனி கடப்பாறைப் படி. திட்டத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும்: “லைட்டா கஷ்டம், ஃபோட்டோ எடுக்கலாம்.” செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அடித்து இறக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளையே படியாக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி. இரண்டு கம்பிக்கு நடுவே குனிந்து பார்த்தால் கீழே மரத்தின் தலை தெரியும், அதனால் யாரும் குனிவதில்லை. முன்னால் போகிறவரின் குதிகால் சரியாக நம் நெற்றிக்கு நேரே நிற்கும். உச்சி வெயிலில் சங்கிலி சுடும். விட்டால் விழுவோம், பிடித்தால் பொறுக்காது. சட்டைப்பையில் அலைபேசி அடிக்கும், அலுவலகத்திலிருந்துதான். எக்ஸெல் தாளில் மணிக்கணக்கு போட்டுக் கொடுத்த நண்பர் இவ்விடத்தில் பேச்சை முழுவதும் நிறுத்திவிடுவது ஆய்வில் உறுதிப்பட்டது.

இந்த இடத்தில் ஏறுபவர் ஒதுங்குவதா, இறங்குபவர் ஒதுங்குவதா என்பது தீராத பிணக்கு. எங்கள் குழு இதை நடுக்கம்பியில் நின்றபடி விவாதித்துக்கொண்டிருக்கையில், மேலேயிருந்து ஓர் அம்மா வெறுங்காலோடு இறங்கி வந்தார். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார், தோளில் பூஜைப் பை.

“கொஞ்சம் ஓரமா நில்லுங்கப்பா.”

“தரிசனம் முடிஞ்சுதாம்மா? எத்தன மணிக்குக் கெளம்புனீங்க?”

“மணியெல்லாம் யாரு பாத்தா? கோழி கூவச்சொல்லவே ஏற ஆரம்பிச்சிட்டோம். நீங்க இப்பத்தான் வர்றீங்களா?”

கேள்விக்குக் குழுவில் யாரும் விடை தரவில்லை. அந்த அம்மாவிடம் வாட்ஸாப் குழு இல்லை, எக்ஸெல் தாள் இல்லை, செஞ்சியில் டிபனும் இல்லை. எனவே ஆய்வு நெறிமுறைப்படி அவர் விதிவிலக்காகக் கருதப்பட்டுத் தரவிலிருந்து நீக்கப்பட்டார்.