சோறு போடுவீங்களா?

கேள்வி: ஏழைப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

பதில்: ஒரு முதலமைச்சரே கற்றுக்கொண்டிருக்கிறார். மாடு மேய்த்த சிறுவனிடம் "பள்ளிக்கூடம் போகலையா?" என்று காமராஜர் கேட்க, "போனா சோறு போடுவீங்களா?" என்று அவன் மடக்கியதாகச் சொல்வார்கள். சொல்பவரைப் பொறுத்து ஊர் மாறும், கேள்வி மாறாது. முத்திரைவில்லை ஒட்டாத மனுக்களில் இதைப்போல் பலித்தது வேறில்லை.

1956-ல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவு தொடங்கியது. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டினார். அரசுப் பணம் மட்டும் போதாதே! காசுள்ளவர் காசும், இல்லாதவர் நெல்லும் காய்கறியும் விறகுமாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்களும் உண்டு. "மாதக் கடைசி, கையைக் கடிக்கிறது" என்பவர்களுக்கு இது சங்கடமான தகவல்தான்.

சிறுவயதில் பசியறிந்த எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரித்தார். பின்னால் முட்டையும் வந்தது. அதில் பாதியைத் தங்கைக்கென்று பொத்தி எடுத்துப்போகும் பிள்ளைகளைச் சத்துணவுக்கூட ஆயாக்களுக்கு நன்றாகத் தெரியும். கண்டும் காணாமல் இருந்துவிடுவார்கள். 1995-ல் மத்திய அரசும் பள்ளி உணவுத் திட்டம் கொண்டுவந்தது. 2022-ல் தமிழகத்தில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது.