தங்கச்சியின் இடது நுரையீரல்

1993இல் யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லை, யாழ்தேவி ரயிலும் இல்லை. ஆறு வயதுத் தங்கச்சி கொஞ்சத் தூரம் ஓடினாலே வேலியோரம் குந்திவிடுவாள். உதடும் நகமும் நாவற்பழம் தின்றதுபோல நீலம் பாரித்திருக்கும். குந்தும்போது உடம்புக்குப் போகும் இரத்தத்துக்குத் தடை கூடி, அதில் ஒரு பங்கு நுரையீரல் பக்கம் திரும்பும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளுடைய உடம்பே கண்டுபிடித்த வைத்தியம் அது.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்றேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நுரையீரலுக்கு இரத்தம் காணாது" என்றார். இதயச் சுவரில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியில் ஒடுக்கம். ஃபலோ நோய் என்பார்கள். இப்படி நீலம் பாரித்த குழந்தைகளின் நுரையீரலுக்கு வேறு வழியால் இரத்தம் அனுப்பலாம் என்பதை 1944இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹெலன் டவுசிக், அல்பிரட் பிளேலொக், விவியன் தோமஸ் மூவரும் செய்து காட்டியிருந்தார்கள். எங்களுக்கோ போரால் கொழும்புக்குப் போகவே வழியில்லாத காலம்.

இரவில் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து அப்பா அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோனார். ஓட்டையை அடைத்து, ஒடுக்கத்தை அகலமாக்கி அனுப்பினார்கள். சிவந்த உதட்டோடு திரும்பி வந்தவளைக் கட்டிக்கொண்டு, "இனி என்ர பிள்ளைக்கு ஒண்டுமில்லை" என்று அம்மா அழுதார். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணமே போரால் இடம்பெயர்ந்தபோது, ஒப்பரேசன் துண்டுகள் காணி உறுதியோடு ஒரே பையில் சாவகச்சேரிக்குப் போயின.

2014இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அதற்குப் பின்தான், பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்ட தங்கச்சிக்குப் படியேறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. எக்கோவில் இதயம் நன்றாகத் தெரிந்தது; நுரையீரல் நாடி கிளை பிரிந்து உள்ளே போகும் இடம் சரியாகப் பிடிபடவில்லை. அதனால் கொழும்பில் நுரையீரலின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கான் எடுத்தோம்.

டெக்னீசியம் ஏற்றிய நுண்ணிய அல்புமின் துகள்களைக் கை நாளத்தில் ஊசியால் ஏற்றுகிறார்கள். இரத்தம் போகும் இடமெல்லாம் அவையும் போய், நுரையீரலின் மயிர்க்குழாய்களில் சிறிது நேரம் தங்குகின்றன. கதிர்வீச்சு 6 மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதற்குள் காமா கமரா படம் எடுத்து, எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு இரத்தம் என்று கணக்குச் சொல்கிறது. வழமையாக வலதுக்கு ஏறக்குறைய 55 வீதம், இடதுக்கு 45 வீதம். தங்கச்சியின் படத்தில் வலது பக்கம் அடர்த்தியாக இருந்தது. இடது பக்கம் மங்கிக் கிடந்தது. இடது கிளை ஒடுங்கியிருந்தது. தொடையால் குழாய் விட்டு, பலூன் ஊதி அதை விரித்தார்கள். மறுபடி எடுத்த படத்தில் இடது பக்கமும் தெளிந்திருந்தது.

எல்லாருக்கும் இதே ஸ்கான்தான் என்றில்லை. எம்ஆர்ஐ கதிர்வீச்சு இல்லாமலே ஒவ்வொரு கிளையிலும் ஓடும் இரத்தத்தை அளக்கும். உடம்பிலிருந்து திரும்பும் இரத்தத்தை நேரே நுரையீரலுக்கு விடும் ஃபொன்டன் ஒப்பரேசன் செய்தவர்களில் கையில் ஏற்றும் ஊசியும் காலில் ஏற்றும் ஊசியும் வேறுவேறு கணக்குக் காட்டலாம். மேலுடம்பின் இரத்தமும் கீழுடம்பின் இரத்தமும் நுரையீரலுக்குத் தனித்தனி வழியால் போவதுதான் காரணம். அதனால் என்ன ஒப்பரேசன் நடந்தது என்பது படம் எடுப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

சின்ன வயதில் நெஞ்சு திறந்து பிழைத்த எத்தனையோ பேர் இன்று எங்கள் ஊர்களில் வளர்ந்து நிற்கிறார்கள். சுகமாக இருக்கிறோம் என்று கிளினிக்கை விட்டவர்கள் திரும்பப் போகவேண்டும். இடப்பெயர்வில் துண்டுகளைத் தொலைத்தவர்களும் போகலாம்: நெஞ்சுத் தழும்பைக் காட்டி, நடந்ததைச் சொன்னாலே வைத்தியர் தொடங்குவதற்குப் போதும்.