கேட்டால் குட்டு

மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைகளின் கையைப் பற்றி கொடைக்கானல் மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்த கேள்விகள் மட்டும், இந்த வாரம்.

என் பேரனுக்கு ஆறு மாசம். எதை நீட்டினாலும் இடது கையால்தான் வாங்குகிறான். கிரிக்கெட்டில் சேர்க்கலாமா மாமா?
– ஒரு தாத்தா, பண்ணைக்காடு

மட்டை வாங்குமுன் டாக்டரைப் பாருங்கள். ஒரு வயசுக்குள் பிள்ளைகள் பொதுவாகக் கையில் ஓரவஞ்சனை காட்டுவதில்லை. காட்டினால், மற்ற கை ஏன் சும்மா இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். அந்தக் கை எந்நேரமும் முஷ்டியாகவே இருந்தால் இன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

தினமும் நல்லெண்ணெய் போட்டு நீவுகிறேன். கை நிமிருமா?
– ஓர் அப்பத்தா, பூம்பாறை

பிள்ளைக்குத் தூக்கம் வரும் அப்பத்தா, கைக்கு வேலை வராது. அடிபட்டது உத்தரவு போடும் மூளை. பிள்ளையே எட்டி, பிடித்து, நழுவவிட்டு, மறுபடி பிடித்தால்தான் அது பாடம் படிக்கும். நீங்கள் நீவினால் பயிற்சி உங்கள் கைக்குத்தான்.

நல்லா இருக்கிற கையைக் கட்டிப் போடுவார்களாமே! கொடுமை இல்லையா?
– தாண்டிக்குடி வாசகி

நல்ல கைக்கு ஓர் உறை. தினம் சில மணி நேரம், சில வாரம், அதுவும் விளையாட்டோடு. அமெரிக்காவின் எட்வர்டு டவுப் பக்கவாதப் பெரியவர்களுக்கு வகுத்த வழி, பிறகு ஒரு பக்கம் பாதித்த பிள்ளைகளுக்கும் வந்தது. தெரபிஸ்ட் சொல்லிச் செய்தால் வைத்தியம். நீங்களே துண்டால் கட்டினால் வீட்டுக்காவல்.

உறை மாட்டாமல் வழியே இல்லையா?
– அதே வாசகி

உண்டு. இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலை. செலவிடும் நேரம் சமமானால் பலனும் ஏறக்குறைய சமம். மலைப்பூண்டு, பட்டாணி உரிக்கச் சொல்லுங்கள். ஒரு கை பிடிக்கும், மறு கை உரிக்கும். கொடைக்கானல் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெரபி குறியீட்டை நான் வழங்குகிறேன்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?
– ஓர் அப்பா, மன்னவனூர்

நாளை விடுங்கள், மணியை எண்ணுங்கள். டம்ளர் பிடிப்பது மாதிரி குறிப்பிட்ட வேலைகளுக்கு 14 முதல் 25 மணி நேரம். கையின் பொதுத் திறனுக்கு 30 முதல் 40 என்கிறது 2020இல் வந்த ஓர் ஆய்வலசல். தினம் அரைமணி என்றால் இரண்டே மாதத்தில் 30. அதற்குள் டி.வி. சீரியல் நாயகி மாடிப்படிகூட இறங்கியிருக்க மாட்டார்.

நடிகைகள் முகத்தில் போடும் போடாக்ஸ் ஊசியா பிள்ளை கைக்கும்?
– கொடைக்கானல் வாசகர்

அதேதான். அங்கே சுருக்கம் போக, இங்கே இறுக்கம் போக. சுமார் மூன்று மாதம் தாங்கும். அதற்குள் பயிற்சியைப் பிடித்துக்கொள்ளாவிட்டால், இளகியது உங்கள் பர்ஸ் மட்டுமே.

ஆபரேஷன்?
– பெருமாள்மலை வாசகர்

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிய விரல்களை வேலூர் சி.எம்.சி.யில் தசைநாண் மாற்றி நிமிர்த்தியவர். தத்துவம் இங்கும் அதுவே: மணிக்கட்டை மடக்கும் நாணைப் பிரித்து, நிமிர்த்தும் பக்கம் தைப்பார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. ஆனால் கட்சி மாறிய பிறகும் ஒழுங்காக உழைப்பது உலகத்தில் அந்த நாண் ஒன்றுதான்.

ஃபிராய்டு இதைப் பற்றியும் எழுதினாராமே?
– கல்லூரி மாணவி, பழனி

1897இல் தடிமனாகவே எழுதினார். கஷ்டப் பிரசவமே காரணம் என்றார் ஆங்கிலேய டாக்டர் லிட்டில். கோளாறு கருவிலேயே தொடங்கி, அதனாலேயே பிரசவம் சிக்கலாகியிருக்கலாமே என்று கேட்டார் ஃபிராய்டு. அம்மா மேல் அவர் பழி போடாத அபூர்வ நூல்!

ஸ்டெம் செல் ஊசியில் முழுசாகக் குணமாகுமாமே?
– வத்தலக்குண்டு வாசகர்

ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டி நெறிகளின்படி, இந்த நோய்க்கு அது இன்னும் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. யாராவது ரேட் சொன்னால், குணமாகப் போவது அவருடைய வீட்டுக் கடன்.

தெரபிக்காக மலை இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. என்ன செய்ய?
– கவுஞ்சி வாசகர்

வட்டார வள மையத்தில் பிசியோதெரபி கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரச் சொல்லிக் கேளுங்கள். நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, அதையும் கேளுங்கள். என்னிடம் மட்டும் கேட்டால் பதில்தான் கிடைக்கும்.

பள்ளிக்கூட பஸ் போய்விடுமே என்று மகளுக்குப் பொத்தானை நானே மாட்டிவிடுகிறேன். தப்பா மாமா?
– ஓர் அம்மா, கொடைக்கானல்

தப்பில்லை தாயி, திருட்டு. நீங்கள் மாட்டும் ஒவ்வொரு பொத்தானும் அவள் கைக்குப் போயிருக்க வேண்டிய பயிற்சி. அரைமணி முன்னால் எழுப்பிவிட்டு, உங்கள் கையை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள்.