பைனாகுலர் சார்

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம், துரைப்பாக்கம் சாலையில், மார்கழிக் காலை ஆறரைக்கெல்லாம் பைனாகுலர் சார் ஆஜர். பெருங்குடிக் குப்பைமேட்டு நாற்றம் ஊருக்கே வரும். அவர் மூக்குக்கு மட்டும் வராது. "அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா சார்? சேற்றுப் பூனைப்பருந்து ஒண்ணு அப்படியே தாழப் பறந்துச்சு!" நாம் எத்தனை மணிக்குப் போனாலும் அந்த ஐந்து நிமிடம் தாமதம்தான்.

"பூநாரையெல்லாம் என்ன அழகு!" என்று வாயைத் திறந்தால் போச்சு. பூநாரையைத்தான் பஸ்ஸில் போகிறவனும் பார்த்துவிடுகிறானே, அதில் என்ன சாமர்த்தியம்? அவர் காட்டுவது சேற்றோடு சேறாக நிற்கும் ஓர் உள்ளானை. புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் போனால் பொறி உள்ளான். கண்ணோடு நின்றுவிட்டால் அது வேறு உள்ளான். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூடப் புருவத்தை இவ்வளவு ஆராய்வதில்லை.

வீட்டுத் தோட்டத்திலும் இதே கதைதான். துணிக்கொடி கட்டிய எலுமிச்சையில் தையல்சிட்டு கூடு வைத்தது. இலை ஓரத்தில் அலகால் ஓட்டை போட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்து, இலைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்திருந்தது. பார்க்க வேண்டிய வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் குஞ்சு பறக்கும்வரை கொடியில் ஒரு கைக்குட்டைகூடக் காயக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். மாமி பொறுத்துக்கொண்டார், ஈரத்துணி பொறுக்கவில்லை.

அடுக்ககத்தில் யார் பெயரும் அவருக்குத் தெரியாது. ஒருவர் 'கொய்யாக் கிளையை வெட்டினவர்', இன்னொருவர் 'பூனை வளர்க்கிறவங்க'. 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியபோது மட்டும் வீடு வீடாக லட்டு கொடுத்தார். மகளுக்கு விசேஷமா என்று விசாரித்தவர்களுக்கு அரை மணி நேரப் பிரசங்கம் கிடைத்தது.

பொங்கல் வந்தால் முற்றிவிடும். அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு. குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். வருஷம் முழுக்க அவர் ஏறெடுத்துப் பார்க்காத காக்கைக்கு அப்போதுதான் மரியாதை. கீழே பானை பொங்கி, பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினால் மொட்டைமாடியிலிருந்து "உஷ்!" என்று அதட்டல் வரும்.

போன மாதம் மகன் அவரைப் பெரும்பாக்கம் பக்கம் 'ஏரி பார்த்த ஃபிளாட்' ஒன்றைக் காட்டக் கூட்டிப்போனான். ஹாலுக்குள் நுழைந்த சார் தரையையே உற்றுப் பார்த்தார். "தம்பி, நீங்க நிக்கிற இடத்துலதான் நீளவால் இலைக்கோழி அல்லி இலைமேல நடந்து போகும். இடுப்பளவு தண்ணி!"

விற்பனைப் பையனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "சூப்பர் சார்! இதை ப்ரோஷர்ல போட்டுக்கலாமா?"