கொக்கி அறுந்த இடம்

(ஒருவர் பன்னாட்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் வக்கீல், லண்டனில் எல்.எல்.எம். முடித்தவர். மற்றவர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேஸ் கட்டுகளைச் சுமந்தே வயதான வக்கீல் குமாஸ்தா. வக்கீல்கள் தீர்ப்பின் ஹெட்நோட்டைப் படிப்பார்கள். குமாஸ்தாக்கள் பொழுது போகாமல் தீர்ப்பையே படித்துவிடுவார்கள். வழக்கு ஒன்று இரண்டு நாடுகளில் கால் வைத்து நின்றால் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பது பேச்சு. முதலாமவருக்கு இதில் சந்தேகமே கிடையாது, பிழைப்பு அப்படி.)

வக்கீல்: பெரியவரே, இதில் குழப்பத்துக்கே இடமில்லை. தீங்கு எந்த மண்ணில் விளைந்ததோ, அந்த மண்ணின் சட்டம். வாதி ஏழையா, பிரதிவாதி பணக்காரரா என்று சட்டம் முகம் பார்ப்பதில்லை, வரைபடத்தைத்தான் பார்க்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஜோசப் பீல் வாழ்நாளெல்லாம் இந்தக் கொள்கையைச் செதுக்கினார். 1934-இல் அமெரிக்கச் சட்டக் கழகம் வெளியிட்ட தொகுப்பிலும் அதையே எழுதிவைத்தார். வரைபடத்துக்குச் சாதி இல்லை, மதம் இல்லை, வர்க்கம் இல்லை. இதைவிட நடுநிலை வேறென்ன வேண்டும்?

குமாஸ்தா: வரைபடம் நடுநிலைதான் சார். அதுமேல ரயில் ஓடும்போதுதான் சிக்கல். 1892-ல அலபாமா உச்ச நீதிமன்றத்துல தீர்ப்பான வழக்கு ஒண்ணு உங்க பாடத்துலயே வரும். பர்மிங்ஹாமிலேர்ந்து மிசிசிப்பி மாநிலத்து மெரிடியனுக்குப் போற சரக்கு ரயில். கம்பெனி அலபாமா, பிரேக் போடற தொழிலாளி அலபாமா, வேலைக்குச் சேர்ந்தது அலபாமா. ரெண்டு பெட்டியை இணைக்கிற கொக்கியில இருந்த பழுதைச் சோதிச்சுப் பார்க்காம விட்டதும் அலபாமாவுலதான். ஆனா கொக்கி அறுந்தது மட்டும் எல்லையைத் தாண்டி, மிசிசிப்பியில. அலபாமாவுல முதலாளி நஷ்டஈடு கொடுக்கணும்னு சட்டம் இருந்தது. மிசிசிப்பியில, சக தொழிலாளியோட கவனக்குறைவுக்கு முதலாளி பொறுப்பில்லை. காயம்பட்ட மண்ணு மிசிசிப்பி, அதனால அந்த ஊர்ச் சட்டம்தான்னு சொல்லி, அலபாமா நீதிமன்றம் தன் ஊர்க்காரரையே வெறுங்கையோட அனுப்பிட்டுது. கொக்கி கொஞ்சம் அவசரப்பட்டிருந்தா அவருக்குப் பணம். பொறுமையா இருந்து தொலைச்சதால ஒண்ணுமில்லை. அந்த மாநிலம் இந்த விதியை இன்னிக்கும் கைவிடலை சார். உங்களை மாதிரியே கொள்கைப் பிடிப்பு.

வக்கீல்: ஒரு கொக்கி அறுந்தது என்பதற்காக ஒரு விதியையே அறுத்துவிட முடியாது. கடினமான வழக்குகள் எந்த விதிக்கும் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது அதன் அடியில் இருக்கும் பண்பாட்டை. அடுத்தவர் மண்ணில் நடந்ததற்கு அடுத்தவர் சட்டத்தை மதிப்பது நாடுகளுக்கிடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச நாகரிகம்.

குமாஸ்தா: மதிக்கலாம் சார். அந்த ஊர்ச் சட்டத்துல யார் கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னும் ஒரு பார்வை பார்த்துக்கலாம். 1865-ல ஜமைக்காவுல மொரான்ட் பே கிளர்ச்சி. கவர்னர் எயர் ராணுவச் சட்டம் போட்டு அடக்கினார். நானூறு பேருக்கு மேல செத்தாங்க. அடங்கினதும் ஜமைக்கா சட்டசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது: கிளர்ச்சியை அடக்க நல்லெண்ணத்தோட செஞ்ச எதுக்கும் யார்மேலயும் வழக்கு கிடையாது. அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர் கவர்னர் எயர். சிறைப்பட்ட ஒருத்தர் இங்கிலாந்துல போய் வழக்குப் போட்டார். அந்த மண்ணோட சட்டம் சரின்னு சொன்னதை நாங்க தப்புன்னு சொல்ல முடியாதுன்னு 1870-ல தீர்ப்பு வந்துச்சு. குத்தம் சாட்டப்பட்டவரே ஒப்புதல் கொடுத்த மன்னிப்பை, உள்ளூர்ச் சட்டம்னு மரியாதையா தலைமேல வெச்சுக்கிட்டாங்க. அந்தத் தீர்ப்புலேர்ந்து பிறந்த விதிதான் நமக்கும் வந்து சேர்ந்தது. பிரிட்டன் 1995-ல சட்டம் போட்டு, அவதூறு வழக்கு நீங்கலா, அதைத் தூக்கிப் போட்டுட்டுது. நம்ம ஊர்ல அதை ரத்து பண்ணி ஒரு சட்டமும் வரலை. கவர்னர் போயிட்டார், விதி தங்கிடுச்சு.

வக்கீல்: காலனி காலத்துக் கதை. சுதந்திர இந்தியாவைப் பாருங்கள். போபால் விஷவாயு வழக்கில் நியூயார்க் நீதிபதி ஜான் கீனன் 1986 மே 12 அன்று என்ன சொன்னார்? விபத்து நடந்தது இந்தியாவில், பாதிக்கப்பட்டவர்கள் இந்தியர்கள், பொருந்தக்கூடிய சட்டமும் இந்தியச் சட்டம். அதை ஓர் அமெரிக்க நீதிமன்றம் தட்டுத்தடுமாறிப் படிப்பானேன், இந்திய நீதிமன்றமே விசாரிக்கட்டும் என்றார். இந்திய நீதித்துறை உலகத்தின் முன் நிமிர்ந்து நிற்க இது ஒரு வாய்ப்பு என்றே எழுதினார். நம் சட்டத்துக்கு இதைவிட மரியாதையை யார் தந்திருக்கிறார்கள்?

குமாஸ்தா: மரியாதைக்குக் குறைச்சலே இல்லை சார். ஆனா அந்த வழக்குல யார் எந்தப் பக்கம் பேசினாங்கன்னு நினைச்சுப் பாருங்க. பாதிக்கப்பட்டவங்க எல்லாருக்கும் நானே பிரதிநிதின்னு 1985-ல சட்டம் போட்டுக்கிட்டுப் போன இந்திய அரசு, நியூயார்க்ல நின்னு, எங்க நீதிமன்றங்கள்ல வழக்கு தேங்கிக் கிடக்கு, இவ்வளவு பெரிய நஷ்டஈட்டு வழக்கைத் தாங்கற அளவுக்கு எங்க சட்டம் வளரலைன்னு வாதாடுச்சு. யூனியன் கார்பைடு கம்பெனியோ, இந்திய நீதிமன்றங்கள் அருமையானவை, எதையும் சமாளிக்கும்னு சொல்லுச்சு; நானி பல்கிவாலாவே அதுக்குப் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். நம்ம நீதித்துறைக்கு வாய்ச்ச மிகச் சிறந்த நற்சான்றிதழ் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனிகிட்டேர்ந்துதான் வந்திருக்கு. போபால் ஆலையை நடத்தின இந்தியக் கம்பெனியில அவங்க பங்கு 50.9 சதவீதம். லாபம் கணக்கு பார்க்கும்போது அது அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளை. வாயு கசிஞ்சதும் போபால்ல பிறந்து வளர்ந்த அனாதை.

கீனன் மூணு நிபந்தனை போட்டார். கம்பெனி இந்திய நீதிமன்றத்தோட அதிகாரத்துக்குக் கட்டுப்படணும், வர்ற தீர்ப்புத் தொகையைக் கட்டணும், தன் ஆவணங்களை அமெரிக்க முறைப்படி எதிர்த்தரப்புக்குத் திறந்து காட்டணும். 1987 ஜனவரியில மேல்முறையீட்டு நீதிமன்றம் பின்னாடி ரெண்டையும் எடுத்துடுச்சு. முதல் ஒண்ணு தப்பிச்சது. அப்புறம் போபால்ல என்ன நடந்தது? அரசு கேட்டது 300 கோடி டாலருக்கு மேல. மாவட்ட நீதிபதி 1987 டிசம்பர்ல இடைக்கால நிவாரணமா 350 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னார். உயர் நீதிமன்றம் அதை 250 கோடியாக் குறைச்சது. அருமையான நீதிமன்றம்னு சத்தியம் பண்ணின கம்பெனி, அந்த நீதிமன்றம் போட்ட உத்தரவையெல்லாம் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1989 பிப்ரவரியில 47 கோடி டாலருக்குச் சமரசம். இதுக்கு நடுவுல, 1986 டிசம்பர்லயே, டெல்லி ஸ்ரீராம் ஆலை வாயுக்கசிவு வழக்குல நம்ம உச்ச நீதிமன்றம் ஒரு புது விதியைச் சொல்லியிருந்தது: ஆபத்தான தொழில் நடத்தறவங்களுக்குச் சாக்குப்போக்கே கிடையாது, கம்பெனி எவ்வளவு பெரிசோ நஷ்டஈடும் அவ்வளவு பெரிசு. வளரலைன்னு நம்ம அரசே சொன்ன சட்டம் ஏழு மாசத்துல அப்படி வளர்ந்துடுச்சு. அது போபாலுக்குப் பொருந்துமான்னு முழுசா விசாரிச்சுத் தீர்ப்பு சொல்றதுக்குள்ள சமரசம் வந்துடுச்சு. எந்தச் சட்டம் பொருந்தும்னு கண்டுபிடிக்கக் கடல் தாண்டி அலைஞ்சாங்க. கடைசியில பேரம்தான் பொருந்திச்சு.

வக்கீல்: உணர்ச்சிவசப்படாதீர்கள். இடம் என்ற கறாரான விதியைக் கைவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? பிரெய்னர்ட் கரி என்ற பேராசிரியர், எந்த மாநிலத்தின் சட்டத்துக்கு இந்த வழக்கில் உண்மையான அக்கறை இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். நீதிபதிகள் பார்த்தார்கள். பெரும்பாலும் அவரவர் மாநிலத்துக்கே அக்கறை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்! முன்கூட்டியே கணிக்க முடியாத சட்டம் சட்டமே இல்லை.

குமாஸ்தா: இது நியாயமான பேச்சு சார், ஒத்துக்கறேன். அவரவர் ஊர்ச் சட்டத்துப் பக்கம் சாயற ஆசை எல்லா நீதிபதிக்கும் உண்டு. ஆனா கறாரான விதி அந்த ஆசையை ஒழிச்சதுங்கிறீங்களே, அதுதான் சரியில்லை. நியூயார்க்லேர்ந்து நான்டக்கெட் தீவுக்குப் போன விமானம் மாசசூசெட்ஸ் மாநிலத்துல விழுந்துச்சு. அந்த மாநிலத்துச் சட்டப்படி ஒரு உயிருக்கு அதிகபட்சம் 15,000 டாலர். 1961-ல நியூயார்க் நீதிமன்றம், இந்த உச்சவரம்பு எங்க பொதுக் கொள்கைக்கு விரோதம்னு சொல்லி ஒதுக்கிடுச்சு. விதி கறாரா இருந்த காலத்துலயே இப்படிப் பின்கதவு இருந்தது. பொதுக் கொள்கைங்கிறது ஒரு கதவு. இது உரிமை சம்பந்தப்பட்டதில்லை, வெறும் நடைமுறைங்கிறது இன்னொரு கதவு. எந்தக் கதவு எப்போ திறக்கும்னு கணிக்கத்தான் உங்களுக்கு மணிக்கணக்குல ஃபீஸ் கொடுக்கறாங்க. அந்த ஃபீஸ் கொடுக்க முடிஞ்சவனுக்குத்தான் அந்த நிச்சயம்.

வக்கீல்: அப்படியானால் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரு தரப்பும் மனமொப்பி, கலிஃபோர்னியா சட்டம் என்று எழுதிக்கொண்டால் அங்கே வம்பே இல்லையே? செல்போனில் செயலியைப் போடும்போது நீங்களும்தானே சம்மதம் என்று தொட்டீர்கள்?

குமாஸ்தா: தொட்டேன் சார். தொடலைன்னா திறக்காது. ரெண்டு பெரிய கம்பெனிங்க வக்கீலை வெச்சுப் பேசி எழுதிக்கிட்டா யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வேற வழியில்லாம தொட்டவன் விஷயம் வேற. ஐரோப்பாவுல 2008-ல கொண்டுவந்த ஒழுங்குமுறையில அதைத் தனியாப் பிரிச்சுட்டாங்க. எந்த நாட்டுச் சட்டம்னு வேணா எழுதிக்கோ. ஆனா வீட்டுக்குச் சாமான் வாங்கறவனுக்கு அவன் வாழற நாட்டுச் சட்டம் கொடுக்கிற பாதுகாப்பை அந்த எழுத்து பறிக்க முடியாது. தொழிலாளிக்கும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு, அவன் வேலை செய்யற நாட்டுச் சட்டப்படி.

வக்கீல்: கடைசியாக என்னதான் கேட்கிறீர்கள்?

குமாஸ்தா: புதுசா ஒண்ணும் கேட்கலை. அதே ஐரோப்பாவுல 2007-ல இன்னொரு ஒழுங்குமுறை போட்டாங்க. பொதுவான விதி நீங்க சொல்றதுதான்: சேதம் விளைஞ்ச நாட்டுச் சட்டம். ஆனா சுற்றுச்சூழல் நாசத்தால வர்ற சேதத்துக்கு ஏழாவது பிரிவுல ஒரு விலக்கு. சேதம் விளைஞ்ச நாட்டுச் சட்டமா, அதுக்குக் காரணமான செயல் நடந்த நாட்டுச் சட்டமா, எது வேணும்னு பாதிக்கப்பட்டவரே தேர்ந்தெடுக்கலாம். கொக்கி அறுந்த இடமும் கணக்குல வரும், அதைச் சோதிக்காம விட்ட இடமும் கணக்குல வரும்.

வக்கீல்: எங்கே அதிகப் பணமோ அந்தச் சட்டத்தைத்தானே வாதி கேட்பார்! இது சந்தை, நீதி அல்ல. முதலீட்டாளர்கள் ஓடிவிடுவார்கள்.

குமாஸ்தா: உலகத்துல இருக்கிற எல்லாச் சட்டத்தையும் அவர் கேட்கலையே சார், ரெண்டுல ஒண்ணைத்தான் கேட்கறார். அந்த ரெண்டு இடத்தையும் தேர்ந்தெடுத்தது வாதி இல்லை, உங்க கட்சிக்காரர்தான். ஒண்ணுல உட்கார்ந்து முடிவெடுத்தார், இன்னொண்ணுல ஆலை வெச்சார். லாபத்தை எந்த நாட்டுல காட்டறது, வரியை எந்த நாட்டுல கட்டறதுன்னு தேர்ந்தெடுத்தா அதுக்கு நீங்க நிர்வாகத் திறமைன்னு பேர் வைக்கிறீங்க. மூச்சுத் திணறினவன் தேர்ந்தெடுத்தா மட்டும் சந்தையாயிடுதா? முதலீட்டாளர் ஓடறதைப் பத்தியும் கவலைப்படாதீங்க. டென்மார்க் நீங்கலா ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2009 ஜனவரியிலேர்ந்து இந்த விதி அமல்ல இருக்கு. அங்கே ரசாயனக் கம்பெனிகள் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு, அங்கேர்ந்து ஓடிப்போகலை.

வக்கீல்: (கடிகாரத்தைப் பார்த்தபடி) சரி, இந்தியச் சட்டப் புத்தகத்தில் இதற்கு என்ன பிரிவு இருக்கிறது? அதைச் சொல்லுங்கள், வாதாடுவோம்.

குமாஸ்தா: செத்தவரோட நிலம் இந்தியாவுல இருந்தா இந்தியச் சட்டம், அசையும் சொத்துக்கு அவர் நிரந்தரக் குடியிருப்பு எந்த நாடோ அந்த நாட்டுச் சட்டம். 1925-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம், ஐந்தாவது பிரிவு. வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே எப்போ செல்லும், எப்போ செல்லாதுன்னு சிவில் நடைமுறைச் சட்டம் பதிமூணாவது பிரிவு சொல்லும். எல்லை தாண்டி வந்த ஒரு கம்பெனி நம்ம காத்தையும் தண்ணியையும் கெடுத்தா எந்த நாட்டுச் சட்டப்படி நஷ்டஈடு கேட்கிறதுன்னு சொல்ற பிரிவு, நாடாளுமன்றம் இயற்றின எந்தச் சட்டத்துலயும் கிடையாது.